கருப்புப் பூஞ்சை: வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம்

சக்கை மரம் நிற்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பூத்து முடிந்த ஆண் பூங்கொத்துகளும் சில பிஞ்சுகளும் மரத்தடியில் விழுந்து கிடக்கும். இரண்டொரு நாளில் அவற்றின்மேல் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று படரும். அடுத்த சில நாட்களில் அந்தப் பஞ்சின் நுனிகளில் கரும்புள்ளிகள் தோன்றி, பிஞ்சு முழுவதும் கரியைப் பூசியது போல ஆகிவிடும். பிள்ளைகள் அதை எடுத்து விளையாடுவார்கள், விரலெல்லாம் கருப்பாகும், கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றும் ஆகாது.

அந்தப் பஞ்சு ரைசோபஸ் என்னும் பூஞ்சை. பூஞ்சைகள் பாடத்தில் ரொட்டிப் பூஞ்சை என்று நாம் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோமே, அதே பேரினம்தான். இந்தப் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு இனமும் அதன் உறவினப் பூஞ்சைகளும்தான் 2021ஆம் ஆண்டு கோடையில் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கின. பலர் கண்ணை இழந்தார்கள், பலர் உயிரையே இழந்தார்கள்.

ஒரு பிள்ளையின் விரலில் ஒட்டியும் எதுவும் செய்யாத பூஞ்சைக் குடும்பம் இன்னொருவரின் முகத்துக்குள் புகுந்து எலும்பையே அழிக்கிறது. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நோய் எதிர்ப்பாற்றல், நீரிழிவு, மருந்துப் பயன்பாடு ஆகிய மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காணலாம். பெருந்தொற்று ஓய்ந்துவிட்டது என்று மறந்துவிடக் கூடிய செய்தி அல்ல இது. இந்தப் பூஞ்சை அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

2021 மே மாதத்தில் நடந்தது

கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களில் சிலர் சில நாட்களிலேயே முகவலி, கண் வீக்கம் என்று மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார்கள். பரிசோதித்தபோது மியூகோர்மைகோசிஸ் என்னும் பூஞ்சைத் தொற்று தெரிய வந்தது. 2021 மே 20 அன்று, இந்நோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடும் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அவ்வாறே அறிவித்தது.

2021 ஜூன் 28 அன்று மத்திய சுகாதார அமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் 40,845 பேருக்கு இந்நோய் பதிவாகியிருந்தது. அவர்களில் 34,940 பேர் கொரோனா தொற்றுக்கு ஆளானவர்கள். 26,187 பேருக்கு நீரிழிவு இருந்தது. 21,523 பேர் ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டவர்கள். அன்றுவரை 3,129 பேர் இறந்திருந்தார்கள்.

இந்த எண்களைச் சதவீதக் கணக்காக வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். கொரோனா வந்தவர்கள் சுமார் 85.5 சதவீதம், நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 64 சதவீதம், ஸ்டீராய்டு எடுத்தவர்கள் சுமார் 53 சதவீதம் என்று விடை வரும். "கூட்டினால் 100ஐத் தாண்டுகிறதே, கணக்கு தப்பா?" என்று ஒரு மாணவர் கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி. ஒரே நபருக்கு இரண்டோ மூன்றோ காரணங்கள் சேர்ந்திருக்கலாம் என்பதுதான் இந்த நோயின் மையச் செய்தி.

இன்னொரு கணக்கும் இதில் உண்டு. 3,129ஐ 40,845ஆல் வகுத்து, இறப்பு விகிதம் 8 சதவீதத்துக்கும் குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நாளில் பலர் இன்னும் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களின் முடிவு தெரியாது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் 287 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், 12 வாரங்களுக்குள் இறந்தவர்கள் 45.7 சதவீதம். கிட்டத்தட்ட இருவரில் ஒருவர். நோயின் உண்மையான கொடுமையை இந்த எண்தான் காட்டுகிறது.

பெயரில் உள்ள பிழை

கருப்புப் பூஞ்சை என்ற பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. ஆனால் பூஞ்சையின் நிறத்தால் வந்த பெயர் அல்ல இது. இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்களின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கிறது. குழாயில் இரத்தம் உறைந்து அடைபடுகிறது. இரத்தம் போய்ச் சேராத திசு இறந்து கருத்துவிடுகிறது. நாம் பார்க்கும் கருமை, இறந்த சதையின் நிறம்.

உண்மையிலேயே கரிய நிறமி கொண்ட பூஞ்சைகள் வேறு இருக்கின்றன. அவை உண்டாக்கும் நோய்களும் வேறு. 2021இல் வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சை என்றெல்லாம் செய்திகள் பரவின. வெள்ளை என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் கேண்டிடா என்னும் வேறொரு பூஞ்சை. நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது குழப்பத்தையும் அச்சத்தையும்தான் வளர்த்தது. வகுப்பில் சொல்லும்போது ஒருமுறையாவது மியூகோர்மைகோசிஸ் என்ற சரியான பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு வழக்குப் பெயரைப் பயன்படுத்துவது நல்லது.

இது புதிய நோயும் அல்ல. 1885ஆம் ஆண்டிலேயே பால்டாஃப் என்ற நோய்க்குறியியல் அறிஞர் மனிதரில் இந்நோயை விவரித்திருக்கிறார். கொரோனாவுக்கு முன்பே இந்தியாவில் 10 லட்சம் பேருக்கு 140 பேர் என்ற அளவில் இது இருக்கலாம் என்று கணித மாதிரி வழியாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். பிற நாடுகளின் அளவோடு ஒப்பிட்டால் இது சுமார் 70 மடங்கு.

பூஞ்சைக்கு நம் உடல் ஏன் பிடிக்காது?

பூஞ்சையின் வித்துகள் எங்கும் இருக்கின்றன. மண்ணில், மட்கும் இலையில், தொழு உரத்தில், ஈரம் பிடித்த வைக்கோலில், காற்றில். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் ஈரத்துக்கும் குறைவில்லை, மட்குவதற்குப் பொருளும் குறைவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகைக்கூட்டில் போட்டு எடுக்காவிட்டால் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும் என்பது குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் எல்லோரும் நாள்தோறும் இந்த வித்துகளைச் சுவாசிக்கிறோம். ஆனாலும் நோய் வருவதில்லை. உடலில் அடுக்கடுக்காகக் காவல் இருப்பதே காரணம்.

முதல் காவல் வெப்பம். ரொட்டியில் வளரும் ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர் போன்ற பெரும்பாலான பூஞ்சைகள் 37 டிகிரி செல்சியஸில் செழித்து வளர முடியாதவை. மனிதரைத் தாக்கும் ரைசோபஸ் அர்ரைசஸ் போன்ற சில மட்டுமே இந்த வெப்பத்தைத் தாங்குகின்றன.

இரண்டாவது காவல் மூக்கும் மூச்சுப்பாதையும். அங்குள்ள சளிப்படலம் வித்துகளைப் பிடித்துக்கொள்ளும். நுண்ணிய குறு இழைகள் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது காவல் வெள்ளை அணுக்கள். உள்ளே நுழைந்த வித்துகளை மேக்ரோபேஜ்கள் விழுங்கி, முளைக்கவிடாமல் அடக்கி வைக்கின்றன. தப்பி முளைத்த இழைகளை நியூட்ரோபில்கள் தாக்கி அழிக்கின்றன.

நான்காவது, அதிகம் பேசப்படாத காவல்: இரும்பைப் பூட்டி வைப்பது. பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். நம் இரத்தத்தில் இரும்பு தனியே மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் அரிசி இருந்தாலும் பானை மூடியிருந்தால் எலிக்குக் கிடைக்காதல்லவா, அதுபோல.

காவல்கள் ஒன்றாகத் தளர்ந்தபோது

இந்த நான்கு காவல்களில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தாங்கும். கொரோனா காலத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் பல காவல்கள் தளர்ந்தன.

வைரஸ் செய்தது: மூச்சுப்பாதையின் உட்படலத்தைப் புண்ணாக்கியது. தீவிர நோயில் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. உடல் முழுதும் ஏற்பட்ட அழற்சியும் நோயின் நெருக்கடியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிட்டன.

சர்க்கரை செய்தது: இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நியூட்ரோபில்கள் மந்தமாகின்றன. கட்டுப்பாடு முற்றிலும் தவறினால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. அமிலத்தன்மை கூடினால் டிரான்ஸ்ஃபெரின் தன் பிடியிலுள்ள இரும்பை விட்டுவிடுகிறது. பானையின் மூடி திறந்துவிட்டது! ரைசோபஸிடம் கீட்டோன் நிறைந்த சூழலிலும் வளர உதவும் நொதி வேறு இருக்கிறது. போதாக்குறைக்கு, சர்க்கரையும் இரும்பும் மிகும்போது இரத்தக் குழாயின் உட்சுவரில் ஜிஆர்பி78 என்ற புரதம் கூடுதலாகத் தோன்றுகிறது. பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டே குழாய்க்குள் நுழைகிறது. நீரிழிவு நோயாளிகளை இந்தப் பூஞ்சை தேடி வருவது போலத் தோன்றுவதற்கு இவையே காரணங்கள்.

ஸ்டீராய்டு செய்தது: இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு வில்லன் அல்ல. 2020 ஜூன் மாதம் வெளியான பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாட்கள் என்ற அளவில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. விலை மலிவான இந்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பயன் எதுவும் தெரியவில்லை.

அளவுக்கு மேலாகவும், நாட்கணக்கைத் தாண்டியும், தேவையற்றவர்களுக்கும் இம்மருந்து போய்ச் சேர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஸ்டீராய்டு அழற்சியைத் தணிக்கிறது; அதே செயலால் வெள்ளை அணுக்களின் போர்க்குணத்தையும் தணிக்கிறது. கல்லீரலை அதிகச் சர்க்கரை உற்பத்தி செய்ய வைக்கிறது, இன்சுலினின் வேலையையும் தடுக்கிறது. சர்க்கரையைக் கண்காணிக்காமல் ஸ்டீராய்டு கொடுப்பது, வேலியைப் பிரித்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல.

மூக்கிலிருந்து மூளை வரை

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் அண்ணனுக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆக்சிஜன் அளவு குறையவில்லை, வீட்டிலேயே இருந்தார். யாரோ தொலைபேசியில் சொன்ன மருந்துப் பட்டியலை வாங்கி வந்து மூன்று வாரம் சாப்பிட்டார். அதில் ஸ்டீராய்டு இருந்தது அவருக்குத் தெரியாது. தனக்குச் சர்க்கரை இருப்பதும் தெரியாது. காய்ச்சல் விட்டபின் இடது கன்னத்தில் வலி வந்தது. பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் தடவினார். பிறகு கன்னம் மரத்தது. அதன்பின் இமை தொங்கியது. மருத்துவமனைக்குப் போனபோது இரத்தச் சர்க்கரை மிக அதிகம். பூஞ்சை கண்குழிக்குள் போய்விட்டிருந்தது. உயிரைக் காக்க இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். "கன்னம் மரத்துப் போச்சுன்னு அண்ணன் சொன்ன அன்னைக்கே கொண்டு போயிருக்கணும் சார்" என்று அந்த ஆசிரியர் இன்றும் சொல்வார்.

நோய் செல்லும் வழியே அறிகுறிகளின் வரிசையும் ஆகும். முதலில் மூக்கும் முகச் சைனஸ் அறைகளும், அடுத்து அண்ணமும் பல் வேரும், பிறகு கண்குழி, இறுதியில் மூளை. ஆகவே கவனிக்க வேண்டியவை:

• முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம் அல்லது மரத்துப்போதல்
• மூக்கடைப்பு; மூக்கிலிருந்து கருமையான அல்லது இரத்தம் கலந்த நீர்
• மேலண்ணத்தில் கருந்திட்டு. காரணமில்லாமல் மேல்பற்கள் ஆடுதல்
• கண் சிவத்தல், வீங்குதல், இமை தொங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல்

சாதாரண சைனஸ் தொல்லையிலும் மூக்கடைப்பும் முகவலியும் வரும். அப்படி வரும் எல்லோரும் அஞ்சத் தேவையில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோரிடம் இந்த அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. மூக்கின் உள்ளிருந்து எடுத்த சிறு திசுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், குறுக்குச் சுவர் அரிதாகவே உள்ள அகன்ற நாடா போன்ற இழைகள் தெரியும். குறுக்குச் சுவர் இல்லாத ஹைஃபா என்று நாம் பாடத்தில் சொல்லும் அதே பண்பு, இங்கே ஓர் உயிரைக் காக்கும் தடயம்.

மருந்து இருந்தும் ஏன் இத்தனை துன்பம்?

"ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது. பாக்டீரியாவின் செல் அமைப்பு நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதை மட்டும் தாக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பூஞ்சையோ நம்மைப் போல உட்கரு கொண்ட உயிரி. அதைக் கொல்லும் பொருள் நம் செல்லையும் தாக்கிவிடும் ஆபத்து அதிகம்.

இருவருக்கும் உள்ள சிறு வேறுபாட்டில்தான் மருந்துகள் வேலை செய்கின்றன. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. ஆம்போடெரிசின்-பி என்ற மருந்து எர்கோஸ்டெராலைப் பற்றிப் பூஞ்சையின் சவ்வைச் சிதைக்கிறது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. பழைய வடிவம் சிறுநீரகத்தை மிகவும் பாதிக்கும். கொழுப்புக் குமிழ்களுக்குள் வைத்துத் தரப்படும் லிப்போசோமல் வடிவத்தில் இந்தத் தீங்கு குறைவு, ஆனால் விலை அதிகம்.

ஒரு கணக்கு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வேண்டும். ஒரு குப்பியில் 50 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 6 குப்பிகள். 4 வாரங்களுக்கு 168 குப்பிகள். ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது தேவைப்பட்டபோது நாடெங்கும் ஏன் தட்டுப்பாடு வந்தது என்பது மாணவர்களுக்குத் தானே புரியும்.

மருந்து மட்டும் போதாது. இறந்த திசுவுக்கு இரத்தம் போகாது. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் பாதிக்கப்பட்ட பகுதியை அறுவை செய்து அகற்ற வேண்டியிருக்கிறது. தாடையும் கண்ணும் இழக்க நேர்வது இதனால்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகிய மூன்றும் சேர்ந்தே நோயை வெல்ல முடியும்.

வதந்தியும் உண்மையும்

அந்த நாட்களில் கைபேசி வழியே வந்த செய்திகள் பல. அவற்றில் சிலவற்றை அறிவியல் முறையில் ஆராய்வது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

"வெங்காயத் தோலில் உள்ள கருப்புப் பொடிதான் இந்தப் பூஞ்சை." தவறு. வெங்காயத்தில் காணப்படும் கரும்பொடி பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற வேறொரு பூஞ்சை. கழுவி, தோலை உரித்துப் பயன்படுத்தினால் போதும்.

"இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும்." தவறு. நோயாளியின் உடலிலிருந்து பரவுவதில்லை. சூழலில் உள்ள வித்துகளிலிருந்துதான் வருகிறது. நோயிலிருந்து மீண்டவரையோ அவர் வீட்டுப் பிள்ளையையோ ஒதுக்கி வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. முகத்தில் அறுவைத் தழும்போடு பள்ளி வாசலில் பிள்ளையை விட வரும் தந்தையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் மிரளும்போது, இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

"முகக்கவசம் அணிந்ததால்தான் வந்தது." இதற்குப் போதிய சான்று இல்லை. ஈரமான, அழுக்கான துணியை நாள்கணக்கில் அணிவது சுகாதாரக் கேடு என்பது உண்மை. ஆனால் நோயின் முதன்மைக் காரணங்கள் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் எதிர்ப்பாற்றல் குறைவும்தான்.

கொரோனாவோடு முடிந்த கதையா?

இல்லை. வைரஸ் மூச்சுப்பாதையைப் புண்ணாக்க, பின்னாலேயே பூஞ்சை நுழைவது வேறு நோய்களிலும் நடக்கிறது. தீவிர இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலைத் தாக்குவது மருத்துவர்கள் அறிந்ததே. கொரோனா நோயாளிகளிடமும் அது காணப்பட்டது. 2009இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளுக்குத் தலைவலி.

மியூகோர்மைகோசிஸ் காயம் வழியாகவும் வரும். 2004 ஆழிப்பேரலையின்போது இலங்கையில் காயமடைந்து உயிர் தப்பிய ஒருவரின் புண்களில் இந்த வகைப் பூஞ்சை கண்டறியப்பட்டு மருத்துவ இதழில் பதிவானது. 2011இல் அமெரிக்காவின் ஜோப்ளின் நகரைச் சூறாவளி தாக்கியபோது, காயத்தில் மண்ணும் மரச்சிராயும் புகுந்த 13 பேருக்கு இந்நோய் வந்து 5 பேர் இறந்தனர். குளச்சலிலும் மணக்குடியிலும் அந்தப் பேரலையைக் கண்ட நமக்கு, சேறு படிந்த ஆழமான காயத்தை உடனே கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முதலாக முன்னுரிமை தர வேண்டிய நோய்ப் பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 இடம்பெற்றுள்ளன. மியூகோர்மைகோசிஸ் உண்டாக்கும் பூஞ்சைகளும் அவற்றுள் அடங்கும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

முதலில் நம்மைப் பற்றி. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டுகிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர். நம் ஆசிரியர் அறையில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நீரிழிவைக் குறிக்கும். மறுபரிசோதனை செய்து மருத்துவர் உறுதிப்படுத்துவார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இரண்டு நிமிடம் இதைச் சொன்னால், தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவராவது அந்த வாரம் பரிசோதனைக்குப் போவார்.

இரண்டாவது, நம் வகுப்பிலுள்ள சில பிள்ளைகளைப் பற்றி. சிறுநீரகத்தில் புரதம் வெளியேறும் நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளை இருக்கலாம். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து திரும்பிய பிள்ளை இருக்கலாம். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கலாம். இவர்கள் எல்லோரையும் போலப் படிக்கவும் விளையாடவும் வேண்டியவர்கள். ஆனால் தொழு உரக் குழி கிளறுதல், பூட்டிக் கிடந்த பொருள் வைப்பறையைத் தூசி தட்டுதல், மட்கிய இலைகளை வாருதல் போன்ற வேலைகளை இவர்களுக்குத் தரக் கூடாது. காய்ச்சலும் முகவலியும் என்று இவர்கள் சொன்னால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாமல் அன்றே பெற்றோரை அழைக்க வேண்டும். இத்தனையையும் மற்ற பிள்ளைகள் முன் விளம்பரப்படுத்தாமல் செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் பயன்படுத்தும் இன்ஹேலரிலும் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது நேராக நுரையீரலுக்குப் போகும் மிகச் சிறிய அளவு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் "இன்ஹேலரை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட வேண்டாம். நிறுத்தினால் வரும் ஆஸ்துமா தாக்குதல்தான் உண்மையான ஆபத்து. மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, ஒரு செயல்பாடு. பேக்கரி ரொட்டித் துண்டுகள் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் ரொட்டியில் பூசணத் தடுப்புப் பொருள் சேர்த்திருப்பதால் விளைவு தாமதமாகும். ஒன்று உலர்ந்தது, ஒன்றில் சில துளி நீர், ஒன்று நீர் தெளித்துக் குளிர்பெட்டியில், ஒன்று நீர் தெளித்து எலுமிச்சைச் சாறும் விட்டது. ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் உறையில் போட்டு, ஒட்டுநாடாவால் நன்றாக மூடி, தேதி எழுதுங்கள். நாள்தோறும் உறைக்கு வெளியிலிருந்தே பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள். ஒருவாரத்தில் ஈரமும் வெப்பமும் என்ன செய்கின்றன என்று தெரிந்துவிடும். உறையை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கவோ முகரவோ கூடாது. முடிந்தபின் மூடியபடியே அப்புறப்படுத்த வேண்டும். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வித்துகள் நம் மூக்கிலும்தான் நுழைகின்றன. அங்கே ஈரமும் வெப்பமும் இருக்கின்றன. பிறகு ஏன் முளைப்பதில்லை?" அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் தேடும் விடைதான் நோய் எதிர்ப்பாற்றல் பாடம்.

நிறைவாக

சந்தர்ப்பம் பார்த்துத் தாக்கும் தொற்று என்று இதை மருத்துவர்கள் அழைக்கிறார்கள். சந்தர்ப்பம் தருவது பூஞ்சை அல்ல. பரிசோதிக்காத சர்க்கரை, தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, "பல்வலிதானே" என்று தள்ளிப்போட்ட நாட்கள் ஆகியவைதான். சக்கை மரத்தடியில் கருப்பு பூக்கத்தான் செய்யும். மட்கும் பொருளை மண்ணுக்குத் திருப்பித் தருவது அதன் வேலை. நம்மால் மாற்றக்கூடியது மற்றவற்றைத்தான். அவற்றை மாற்றும் செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைய நல்ல வழி, அந்த வீட்டிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளை. "அப்பா, சுகர் பார்த்தாச்சா? எங்க டீச்சர் கேக்கச் சொன்னாங்க" என்று அந்தப் பிள்ளை கேட்கும் அன்று, இந்தப் பாடம் நடந்து முடிந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.